சதுரங்கக் கேள்வி-பதில்: லீக் ஆட்டமும் காரோ-கான் ஓப்பனிங்கும்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் லீக் ஆட்டங்களைப் பற்றியவை. அவற்றிலும் கருப்புக் காய்களோடு காரோ-கான் (வெள்ளையின் ஈ4-க்குச் சி6 என்று பதில் சொல்லித் தொடங்கும் ஓப்பனிங்) ஆடி மாட்டிக்கொண்டவர்களே அதிகம். அதனால் அதற்கே கூடுதல் இடம் கொடுத்திருக்கிறோம். கட்டங்களை வழக்கம்போல வெள்ளையின் இடப்பக்கத்திலிருந்து ஏ, பி, சி, டி, ஈ, எஃப், ஜி, எச் என்றும், கீழிருந்து மேலாக 1 முதல் 8 வரையும் எண்ணுங்கள். காயின் பெயர் இல்லாமல் கட்டம் மட்டும் இருந்தால் அது சிப்பாய் நகர்வு. எண்ணுக்குப் பின் மூன்று புள்ளி இருந்தால் அது கருப்பின் நகர்வு. பலகையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தால்தான் பயன்.

கேள்வி: எங்கள் கிளப் லீக்கில் அணிக்கு நான்கு போர்டு. ஆளுக்கு 60 நிமிடம், ஒவ்வொரு நகர்வுக்கும் 30 வினாடி கூடுதல். மூன்றாம் போர்டில் கருப்பு ஆடினேன். 1.ஈ4 சி6 2.டி4 டி5 3.ஈ5 பிஷப் எஃப்5 4.குதிரை எஃப்3 ஈ6 5.பிஷப் ஈ2 எச்6 6.காஸ்லிங் குதிரை டி7 7.பி1-குதிரை டி2 குதிரை ஈ7 8.குதிரை பி3 குதிரை ஜி6 9.பிஷப் டி2 பிஷப் ஈ7 10.யானை சி1 காஸ்லிங் 11.சி4. அதுவரை ஒரு காய்கூட வெட்டுப்படவில்லை. அதற்குப் பிறகு எதை எங்கே நகர்த்துவது என்றே தெரியவில்லை. யோசித்து யோசித்து நேரம் போய்த் தோற்றேன். எங்கே தவறு?
– வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

பதில்: உங்கள் பத்து நகர்வுகளில் எதுவுமே தனியாகப் பார்த்தால் முட்டாள்தனமானது அல்ல. ஆனால் ஆட வேண்டிய ஒரு நகர்வை நீங்கள் ஆடவே இல்லை: சி5.

காரோ-கானில் கருப்பு செய்துகொள்ளும் பேரத்தை முதலில் பாருங்கள். பிரெஞ்சு டிஃபென்ஸில் ஈ6 முதலில் வந்துவிடுவதால் சி8 பிஷப் தன் சிப்பாய்களுக்குப் பின்னாலேயே அடைபட்டுக் கிடக்கும். காரோ-கானில் அந்த பிஷப் முதலில் எஃப்5-க்கு வெளியேறுகிறது, ஈ6 பிறகு வருகிறது. இதற்குக் கருப்பு கொடுக்கும் விலை, சி சிப்பாய் சி6, பிறகு சி5 என இரண்டு தவணையில் போவது. ஒரு நகர்வு நஷ்டம். நீங்கள் விலையின் முதல் தவணையைக் கட்டிவிட்டு, வாங்க வேண்டிய பொருளை வாங்காமல் வந்துவிட்டீர்கள்.

வெள்ளையின் டி4, ஈ5 சிப்பாய்கள் ஒரு சங்கிலி. அதன் அடி டி4. அடியைச் சி5-ஆல் தட்டாதவரை மூன்று கெடுதல்கள். பி8 குதிரைக்கு இயல்பான சி6 கட்டம் கிடைக்காது, ஏனென்றால் அங்கே உங்கள் சிப்பாயே நிற்கிறது. யானைகளுக்கு ஒரு வரிசையும் திறக்காது. வெள்ளைக்கு நடுவில் எந்தக் கவலையும் இல்லாததால் அவர் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் நிதானமாகக் காய்களைக் குவிக்கலாம். எட்டாம் நகர்வில் குதிரையை அவர் பி3-க்குக் கொண்டுபோனதும் இதற்காகத்தான். அங்கிருந்து அது சி5 கட்டத்தைக் காவல் காக்கிறது.

எனவே திருத்தம் ஐந்தாம் நகர்விலேயே: 5...சி5. வெள்ளை பெரும்பாலும் 6.பிஷப் ஈ3 என்று டி4-ஐத் தாங்குவார். 6...சி5 சிப்பாய் டி4-இல் வெட்டு, 7.குதிரை டி4-இல் வெட்டு. இப்போது அந்தக் குதிரை உங்கள் எஃப்5 பிஷப்பைத் தாக்குகிறது. 7...குதிரை ஈ7 என்று காவல் போடுங்கள். அவர் குதிரையால் பிஷப்பை வெட்டினால் உங்கள் குதிரை எஃப்5-இல் வெட்டி அவருடைய ஈ3 பிஷப்பையே முறைக்கும், கவலை அவருக்கு. அதனால் 8.குதிரை டி2 பி8-குதிரை சி6 9.டி2-குதிரை எஃப்3 என்று போவதுதான் பழக்கப்பட்ட பாதை. அங்கே பிஷப்பை ஈ4-க்கோ ஜி4-க்கோ கொண்டுபோகிறீர்கள். குதிரைகளுக்குக் கட்டம் இருக்கிறது, சி வரிசை பாதி திறந்திருக்கிறது. அடுத்து என்ன என்ற கேள்விக்குப் பலகையே பதில் சொல்லும்.

6.பிஷப் ஈ3-க்குப் பதில் வெள்ளை 6.காஸ்லிங் செய்தால் 6...குதிரை சி6 7.சி3 சி5 சிப்பாய் டி4-இல் வெட்டு 8.சி3 சிப்பாய் டி4-இல் வெட்டு ஜி8-குதிரை ஈ7. பிறகு பிஷப் ஜி4, குதிரை எஃப்5. இரண்டுமே டி4 சிப்பாயை நெருக்குவதற்கு. முதலாவது அதைக் காக்கும் எஃப்3 குதிரையைக் கட்டிப்போடுகிறது, இரண்டாவது நேராகவே தாக்குகிறது. இந்த ஒரே இலக்கை மனத்தில் வைத்திருந்தால் நகர்வு வரிசை மறந்தாலும் ஆட்டம் கை நழுவாது.

ஓர் எச்சரிக்கை. 6.பிஷப் ஈ3-க்கு 6...ராணி பி6 என்று போய், 7.குதிரை சி3-க்குப் பிறகு பி2 சிப்பாயைத் தின்னும் ஆசை பலருக்கு வருகிறது. 7...ராணி பி2-இல் வெட்டினால் 8.ராணி பி1. ராணிகள் வெட்டுப்பட்டதும் வெள்ளை யானை பி வரிசையில் இறங்கி பி7-ஐத் தின்னப் பார்க்கும். சி3 குதிரை பி5-க்குத் தாவி, சி7-இல் ராஜாவையும் யானையையும் சேர்த்து மிரட்டும். ஒரு சிப்பாய்க்காக இந்தத் தொல்லை வேண்டாம்.

இன்னொரு நுணுக்கம், ஈ7 குதிரையைப் பற்றி. அந்தக் குதிரை ஜி8-இல் இருக்கும்வரை வெள்ளை தன் எஃப்3 குதிரையை எச்4-க்குக் கொண்டுவந்து உங்கள் பிஷப்பை விரட்ட முடியாது, ஏனென்றால் டி8-இலிருந்து எச்4 வரை மூலைவிட்டம் திறந்திருக்கிறது, ராணி சும்மா தின்றுவிடும். குதிரை ஈ7-இல் உட்கார்ந்த கணமே அந்த வழி அடைபடுகிறது. அதற்கு அடுத்த நகர்வில் குதிரை எச்4 வரும் என்று எதிர்பார்த்திருங்கள். வந்தால் பிஷப் ஜி6. அவர் அங்கே வெட்டினால் குதிரையாலேயே திருப்பி வெட்டலாம். அந்தக் குதிரைக்கும் ஒரு நல்ல இடம் கிடைத்துவிடும், எஃப்8 பிஷப்புக்கும் வழி திறக்கும். எச்6-ஐ முன்பே தள்ளியிருந்தால் பிஷப் எச்7-க்குப் போய்ப் பிழைக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் அதற்காக ஐந்தாம் நகர்வைச் செலவழிக்க அவசரம் இல்லை.

நீங்கள் அனுப்பிய நிலையில்கூட, 11.சி4-க்குப் பிறகு ஆட்டம் போய்விடவில்லை. 11...டி5 சிப்பாய் சி4-இல் வெட்டு. அவர் பிஷப்பால் திருப்பி வெட்டினாலும் யானையால் வெட்டினாலும் 12...குதிரை பி6 என்று அந்தக் காயைத் தாக்கி ஒரு நகர்வு லாபம் பார்க்கலாம். பிறகு ஒரு குதிரையை டி5-இல் நிறுத்துங்கள். அங்கே அதை விரட்ட வெள்ளையிடம் சி சிப்பாயும் இல்லை, ஈ சிப்பாயும் இல்லை. நெருக்கடியான நிலையில் இருப்பவர் காய்களை மாற்றிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் மூச்சு விட இடம் கூடும்.

நேரம் பற்றி: 60 நிமிடமும் 30 வினாடியும் என்றால் 40 நகர்வுக்கு உங்களிடம் மொத்தம் 80 நிமிடம், சராசரி இரண்டு நிமிடம். முதல் எட்டு நகர்வை ஐந்தே நிமிடத்தில் ஆடிவிட்டு, நடு ஆட்டத்தில் மூன்று இடங்களில் தலா பத்து நிமிடம் செலவிடுவதுதான் கணக்கு. ஓப்பனிங் தெரிந்திருப்பதன் முதல் லாபம் கடிகாரத்தில்தான் தெரியும்.

கேள்வி: அதே 3.ஈ5 பிஷப் எஃப்5-க்கு எதிராளி 4.எச்4 என்றார். விசித்திரமாக இருந்தது. வழக்கம்போல ஈ6 ஆடினேன், பிஷப் மாட்டிக்கொண்டது. இது சரியான நகர்வா?
– கல்லூரி மாணவர், செந்தூல்

பதில்: சரியான நகர்வுதான், இன்று பெரிய ஆட்டக்காரர்களே ஆடுகிறார்கள். 4...ஈ6 என்றால் 5.ஜி4. பிஷப் ஈ4-க்குப் போனால் 6.எஃப்3 பிஷப் ஜி6 7.எச்5, பிஷப்புக்கு வீடில்லை. 5...பிஷப் ஜி6 என்றாலும் 6.எச்5 பிஷப் ஈ4 7.எஃப்3, அதே கதி. மிஞ்சினால் ஒரு சிப்பாயை எடுத்துக்கொண்டு பிஷப்பைக் கொடுக்கலாம். ஈ6 ஆடிப் பின்வாங்கும் பாதையை நீங்களே மூடியதுதான் காரணம்.

எளிய பதில் 4...எச்5. ஜி4 உந்துதல் அங்கேயே நின்றுபோகும். விலை, உங்கள் ஜி5 கட்டம் பலவீனமாகும். வெள்ளை 5.பிஷப் ஜி5 என்று அங்கே உட்காருவார். பதறாமல் 5...ராணி பி6 ஆடி பி2-ஐயும் டி4-ஐயும் பாருங்கள்.  

கேள்வி: 3.ஈ5-க்குப் பதில் 3.குதிரை சி3 ஆடுபவர்களுக்கு எதிராக 4...குதிரை டி7 வரிசையை ஆடுகிறேன். இதில் பயப்பட என்ன இருக்கிறது?
– வாசகி, பினாங்கு ஜார்ஜ்டவுன்

பதில்: இரண்டு இடங்கள் இருக்கின்றன. 1.ஈ4 சி6 2.டி4 டி5 3.குதிரை சி3 டி5 சிப்பாய் ஈ4-இல் வெட்டு 4.குதிரை ஈ4-இல் வெட்டு குதிரை டி7. இங்கே 5.ராணி ஈ2 என்று ஒருவர் ஆடினால் ராணியை ஏன் பிஷப்பின் வழியில் வைக்கிறார் என்று தோன்றும். 5...ஜி8-குதிரை எஃப்6 என்று கை தானாகப் போகும். 6.குதிரை டி6, செக்மேட். ஈ7 சிப்பாய் அந்தக் குதிரையை வெட்ட முடியாது, ஏனென்றால் அது நகர்ந்தால் ஈ வரிசையில் ராணி ராஜாவைப் பார்க்கும். மற்ற எல்லாக் கட்டங்களிலும் உங்கள் காய்களே நிற்கின்றன. ஆறே நகர்வு. 5...டி7-குதிரை எஃப்6 ஆடுங்கள், அப்போது டி6-ஐ ராணி காக்கும். அல்லது 5...ஈ6.

இரண்டாவது இடத்தில் மாட்டியவர் கேரி காஸ்பரோவ். 1997 மே 11, நியூயார்க், டீப் புளூ கணினியோடு ஆறாவது, கடைசி ஆட்டம். 5.குதிரை ஜி5 ஜி8-குதிரை எஃப்6 6.பிஷப் டி3 ஈ6 7.ஜி1-குதிரை எஃப்3. இங்கே 7...பிஷப் டி6 ஆட வேண்டும். அவர் 7...எச்6 என்று குதிரையை விரட்டினார். 8.குதிரை ஈ6-இல் வெட்டு. குதிரையைக் கொடுத்துவிட்டு எஃப்7, ஈ6 கட்டங்களை உடைத்தது கணினி. ராஜா டி8-க்கு நடக்க வேண்டியதாயிற்று. 19-ஆம் நகர்வில் காஸ்பரோவ் கைவிட்டார், போட்டி 3.5–2.5 எனக் கணினிக்குப் போனது. நீங்கள் நினைவில் வைக்க வேண்டியது, ஜி5-இல் குதிரை நிற்கும்போது எச்6-க்கு நேரம் உண்டா என்பதை ஈ6-இல் பலி கொடுத்துப் பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும்.

கேள்வி: என் மகன் தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு. மாவட்டப் போட்டியில் நான்கு நகர்வில் தோற்று அழுதுகொண்டு வந்தான். அவனுக்கும் காரோ-கான் சொல்லிக் கொடுக்கலாமா?
– ஒரு தாய், பட்டர்வொர்த்

பதில்: இப்போது வேண்டாம், அம்மா. பத்து வயதில் 1.ஈ4 ஈ5 ஆடட்டும். காய்களைச் சீக்கிரம் வெளியே எடுப்பது, ராஜாவைப் பத்திரப்படுத்துவது, தாக்குவது என எல்லாமே அதில் வெளிப்படையாக நடக்கும். காரோ-கான் பொறுமை கேட்கும் ஓப்பனிங், இன்னும் மூன்று நான்கு ஆண்டுகள் கழித்து அதற்கு வரலாம்.

நான்கு நகர்வுத் தோல்விக்கு மருந்து இது. 1.ஈ4 ஈ5 2.ராணி எச்5 என்றால் 2...குதிரை சி6. முதல் வேலை ஈ5 சிப்பாயைக் காப்பது. அவசரப்பட்டு 2...ஜி6 என்று ராணியை விரட்டினால் 3.ராணி ஈ5-இல் வெட்டு, செக். எச்8 யானை போய்விடும். 3.பிஷப் சி4 வந்ததும் எஃப்7-இல் மேட் மிரட்டல். இப்போதுதான் 3...ஜி6. ராணி எஃப்3-க்குப் போய் மறுபடி எஃப்7-ஐப் பார்த்தால் 4...குதிரை எஃப்6. அவ்வளவுதான். வெள்ளை ராணி வீணாக இரண்டு முறை நகர்ந்திருக்கும், உங்கள் மகனின் இரண்டு குதிரைகளும் வெளியே இருக்கும்.

அடுத்து அவன் சந்திக்கப் போவது ஜி5 குதிரை. 1.ஈ4 ஈ5 2.குதிரை எஃப்3 குதிரை சி6 3.பிஷப் சி4 குதிரை எஃப்6 4.குதிரை ஜி5 டி5 5.ஈ4 சிப்பாய் டி5-இல் வெட்டு. குதிரையால் திருப்பி வெட்டினால் 6.குதிரை எஃப்7-இல் வெட்டு, ராஜா வெட்ட வேண்டும், 7.ராணி எஃப்3 செக். டி5 குதிரையைக் காக்க ராஜாவே ஈ6-க்கு, பலகையின் நடுவுக்கு, நடந்து வர வேண்டும். பிள்ளைகள் அங்கிருந்து தப்புவதில்லை. சரியானது 5...குதிரை ஏ5, பிஷப்பை விரட்டுவது. 6.பிஷப் பி5 செக், சி6 7.டி5 சிப்பாய் சி6-இல் வெட்டு, பி7 சிப்பாய் சி6-இல் வெட்டு. ஒரு சிப்பாய் குறைவு, ஆனால் காய்கள் வேகமாக வெளியே வரும். இது இப்போதைக்கு அதிகம் என்று தோன்றினால், மூன்றாம் நகர்வில் 3...பிஷப் சி5 மட்டும் ஆடட்டும். அப்போது 4.குதிரை ஜி5 என்று வந்தால் ராணி நேராகத் தின்றுவிடும்.

வாரத்துக்கு ஓர் ஓப்பனிங் காணொளி என்று காட்டாதீர்கள். நாளுக்கு பத்து, ஒன்று அல்லது இரண்டு நகர்வில் மேட் செய்யும் கணக்குகள் போடட்டும். அந்த வயதில் ஆட்டங்கள் முடிவாவது அங்கேதான்.

கேள்வி: எங்கள் லீக்கில் பாதிப் பேர் வெள்ளையில் லண்டன் சிஸ்டம்தான் ஆடுகிறார்கள். அலுத்துவிட்டது. கருப்பு என்ன செய்யலாம்?
– வாசகர், பத்துமலை

பதில்: லண்டன் ஆடுபவர் டி4, பிஷப் எஃப்4, ஈ3, சி3 என்று ஒரே வரிசையை எதற்கும் ஆடப் பழகியவர். பிஷப் வெளியே போனதால் பி2 சிப்பாய்க்குக் காவல் இல்லை, அங்கேதான் கை வைக்க வேண்டும். 1.டி4 டி5 2.குதிரை எஃப்3 குதிரை எஃப்6 3.பிஷப் எஃப்4 சி5 4.ஈ3 குதிரை சி6 5.சி3 ராணி பி6. அவர் 6.ராணி பி3 என்று எதிர் நின்றால் 6...சி4. பழக்க தோஷத்தில் 7.ராணி சி2 என்று பின்வாங்கினால் 7...பிஷப் எஃப்5! அந்த பிஷப்பை 8.ராணி எஃப்5-இல் வெட்டினால் 8...ராணி பி2-இல் வெட்டு, ஏ1 யானைக்குத் தப்ப வழியில்லை. அதனால் ராணி சி1-க்குச் சுருங்க வேண்டும். ஈ6-ஐ முன்பே ஆடியிருந்தால் இந்தத் தந்திரம் இல்லை, சி8 பிஷப் அடைபட்டுவிடும். இதை மட்டும் மறக்காதீர்கள்.

அவர் 7.ராணி பி6-இல் வெட்டினால் ஏ7 சிப்பாயால் திருப்பி வெட்டுங்கள். இரட்டைச் சிப்பாய் என்று வருந்த வேண்டாம். ஏ வரிசை யானைக்குத் திறந்திருக்கிறது, பி5, பி4 என்று தள்ளுவதுதான் அடுத்த திட்டம்.

கேள்வி: கடைசி சுற்றில் அணி 2–1 முன்னிலை. என் ஆட்டம் மட்டும் பாக்கி. எனக்கு ஒரு சிப்பாய் அதிகம். எதிராளி டிரா கேட்டார். அணித் தலைவர் 'ஒத்துக்கொள்' என்றார். அப்படிச் சொல்ல அவருக்கு உரிமை உண்டா? நான் ஆடியிருக்கலாமா?
– வாசகர், பிறை

பதில்: போட்டி விதியில் வேறுவிதமாகச் சொல்லப்படாவிட்டால், அணித் தலைவர் 'டிரா கேள்', 'டிராவை ஏற்றுக்கொள்', 'ஆட்டத்தைக் கைவிடு' என்று சொல்லலாம். அணியின் புள்ளி நிலவரத்தை மட்டும் வைத்துச் சொல்ல வேண்டும். 'உன் நிலை நன்றாக இருக்கிறது', 'யானையைப் பார்' என்றெல்லாம் பலகையைப் பற்றி ஒரு வார்த்தை கூடாது. நடுவர் எதிரிலேயே, நடுவருக்குப் புரிகிற மொழியில் பேசிவிடுங்கள். தமிழில் இரண்டு வார்த்தை சொன்னதற்கே எதிரணி புகார் கொடுக்க இடம் உண்டு.

2–1 முன்னிலையில் உங்கள் டிரா 2.5–1.5, அணிக்கு வெற்றி. தலைவர் சரியாகத்தான் செய்தார். ஆனால் ஒரு விஷயம் முன்பே கேட்டு வைத்திருக்க வேண்டும்: இரண்டு அணிகள் சமமானால் தனி ஆட்டப் புள்ளிகள் எண்ணப்படுமா? எண்ணப்படும் என்றால் அந்த அரைப் புள்ளி கோப்பையைத் தீர்மானிக்கலாம். அதைச் சுற்று தொடங்கும் முன் பேசி முடிக்க வேண்டும், கடிகாரம் ஓடும்போது அல்ல.

ஒரு சிப்பாய் அதிகம் உள்ள நிலையில் ஆபத்தில்லாமல் தொடர முடியுமானால் தொடருங்கள் என்பதே எங்கள் பொதுவான கருத்து. 2024 டிசம்பரில், நமக்கு எட்டும் தூரத்தில் சிங்கப்பூரில், உலக சாம்பியன் பட்டத்தை முடிவுசெய்த பதினான்காம் ஆட்டத்தைப் பாருங்கள். குகேஷிடம் ஒரு சிப்பாய் அதிகம், யானையும் பிஷப்பும் இரு பக்கமும். டிரா என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். எதிராளி டிங் லிரென் 55.யானை எஃப்2 ஆடினார். யானைகளை வெட்டிவிட்டு 56...பிஷப் டி5 என்று பிஷப்புகளையும் மாற்றும்படி கட்டாயப்படுத்தினார் குகேஷ். சிப்பாய் முடிவாட்டம் ஜெயித்தது, 58 நகர்வில் ஆட்டம் முடிந்தது. டிரா நிலை என்பது தானாக டிரா ஆகாது, இருவரும் சரியாக ஆடினால்தான் ஆகும்.

கேள்வி: ஒரே நிலை மூன்று முறை வந்தது. 'டிரா' என்று சொல்லிவிட்டு நகர்த்தினேன். நடுவர் ஏற்கவில்லை. ஏன்?
– வாசகர், கோலாலம்பூர்

பதில்: நகர்த்திவிட்டு அழைத்ததுதான் பிழை. மூன்றாம் முறை நிலை உங்கள் நகர்வால் வரப்போகிறது என்றால், நகர்த்தாமல், அந்த நகர்வைத் தாளில் எழுதி, கடிகாரத்தை நிறுத்தி, நடுவரை அழைக்க வேண்டும். எதிராளியின் நகர்வால் ஏற்கெனவே வந்துவிட்டது என்றால், உங்கள் முறை வந்ததும் காயைத் தொடும் முன்பே அழையுங்கள். தொடர்ந்து மூன்று முறை வர வேண்டும் என்பதில்லை, ஆனால் நகர்த்த வேண்டியவரும் காஸ்லிங் உரிமைகளும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். கோரிக்கை தவறானால் எதிராளிக்கு இரண்டு நிமிடம் கூடும். தாளில் நகர்வுகளைத் தெளிவாக எழுதாதவர் இதை நிரூபிக்க முடியாமல் தவிப்பதை அடிக்கடி பார்க்கிறோம். நகர்வுக்கு 30 வினாடி கூடும் ஆட்டத்தில் கடைசி வரை எழுதியே ஆக வேண்டும்.

கேள்வி: காஸ்லிங் செய்யும்போது யானையை முதலில் தொட்டேன். எதிராளி ஆட்சேபித்தார். நியாயமா?
– பள்ளி மாணவி, ஜார்ஜ்டவுன்

பதில்: நியாயம்தான். காஸ்லிங் ராஜாவின் நகர்வு. ராஜாவை முதலில் எடுத்து இரண்டு கட்டம் நகர்த்தி, அதே கையால் யானையைத் தாண்டி வை. வேண்டுமென்றே யானையைத் தொட்ட பிறகு அந்தப் பக்கம் காஸ்லிங் கிடையாது, யானையைத்தான் நகர்த்த வேண்டும்.

கேள்வி: என் ஃபிடே (உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு) மதிப்பு 1650. எதிராளி 1850. வென்றால் எவ்வளவு கூடும்? டிரா என்றால்?
– வாசகர், பெட்டாலிங் ஜெயா

பதில்: 200 புள்ளி வித்தியாசத்தில் உங்களிடம் எதிர்பார்க்கப்படுவது 0.24 புள்ளி. நீங்கள் பெரியவர், ஏற்கெனவே 30 ஆட்டங்களுக்கு மேல் ஆடியவர் என்றால் பெருக்கெண் 20. வெற்றிக்கு (1 – 0.24) × 20, அதாவது 15.2 கூடும். டிராவுக்கு 5.2. தோற்றால் 4.8 குறையும். 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் புதியவர்களுக்கும் பெருக்கெண் 40, எல்லாம் இரட்டிப்பு. பலமான எதிராளியைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை என்பது இந்தக் கணக்கிலேயே தெரிகிறது.

கேள்வி: எதிரணிப் பட்டியல் சுற்றுக்கு முதல் நாள் இரவுதான் எங்கள் அணியின் புலனக் குழுவில் வருகிறது. அந்த ஓர் இரவில் எப்படித் தயாராவது?
– வாசகர், செந்தூல்

பதில்: முதலில் உங்கள் நிறத்தைக் கண்டுபிடியுங்கள். பொதுவான வழக்கப்படி, முதலில் பெயர் வரும் அணிக்கு 1, 3 போர்டுகளில் வெள்ளை, 2, 4-இல் கருப்பு. நிறம் தெரிந்தால் வேலை பாதியாகிவிடும்.

எதிராளியின் ஆட்டங்கள் இணையத்தில் கிடைத்தால் கடைசி ஐந்தாறை மட்டும் எடுங்கள். வெள்ளையில் முதல் நகர்வு ஈ4-ஆ டி4-ஆ, உங்கள் ஓப்பனிங்குக்கு எதிராக எந்த வரிசை, எத்தனையாவது நகர்வில் காஸ்லிங் செய்கிறார். இவ்வளவு போதும். அவர் 3.ஈ5 ஆடுபவர் என்று தெரிந்தால் மேலே சொன்ன சி5 வரிசையையும் எச்4-க்கு எச்5-ஐயும் பலகையில் காய் வைத்து, கையால் நகர்த்தி, இரண்டு முறை ஆடிப் பாருங்கள். திரையில் பார்த்தது மறுநாள் பலகையில் வேறு மாதிரித் தெரியும்.

அன்றிரவு புது ஓப்பனிங் கற்காதீர்கள். எதிராளிக்குப் பிடிக்காத ஒரு வரிசையைக் கணினி காட்டியது என்பதற்காக, நீங்கள் ஒருமுறைகூட ஆடாததை லீக்கில் எடுத்தால், ஏழாம் நகர்விலேயே தனியாக நிற்பீர்கள். எதிராளியோ பழகிய தெருவில் நடப்பார்.

காலையில் சீக்கிரம் கிளம்புங்கள். எவ்வளவு தாமதம் வரை பொறுப்பார்கள் என்பதைப் போட்டி விதி சொல்லும். சொல்லாவிட்டால் ஃபிடே விதிப்படி அது பூஜ்யம், ஆட்டம் தொடங்கும் நேரத்தில் நாற்காலியில் இல்லாதவர் தோற்றார். நெரிசலும் மாலை மழையும் நடுவரிடம் காரணமாகாது. கைப்பேசியை அணைத்துப் பைக்குள் வைக்க அனுமதி உண்டா, வெளியே ஒப்படைக்க வேண்டுமா என்று உள்ளே நுழையும்போதே கேளுங்கள். ஸ்மார்ட் கைக்கடிகாரத்தையும் கழற்றிவிடுங்கள்.